நிலமில்லா வீடு: லண்டன் கால்வாய்ப் படகில் ஒரு குடித்தனம்

லண்டன் மாநகரின் பாடிங்டன் தொடர்வண்டி நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால், 'லிட்டில் வெனிஸ்' என்னும் கால்வாய்ச் சந்திப்பை அடையலாம். நீண்டு ஒடுங்கிய எஃகுப் படகுகள் அங்கே கரையை ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகளும் விறகுக் கட்டும் மிதிவண்டியும் பூந்தொட்டியும் இருக்கும். காலை வேளையில் ஒரு படகின் கதவு திறக்கும். அலுவலக உடையணிந்த ஒருவர் கரையேறி நிலையம் நோக்கி விரைவார். அவர் சுற்றுலாப் பயணி அல்லர். அப்படகுதான் அவருடைய வீடு.

ஊதியத்தின் பெரும்பங்கை வாடகை விழுங்கிவிடும் நகரம் லண்டன். ஓர் அடுக்குமாடி வீட்டின் விலையில் சிறு பங்குக்கே ஒரு படகு கிடைத்துவிடும். அங்குப் பணிபுரியச் செல்லும் நம் நாட்டு இளைஞர்களின் காதிலும் இச்செய்தி விழுகிறது. இது உண்மையிலேயே சிக்கனந்தானா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சரக்குப் பாதை குடியிருப்பான கதை

லிட்டில் வெனிஸிலிருந்து தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள லைம்ஹவுஸ் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் ரீஜென்ட்ஸ் கால்வாய், 1820ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. நிலக்கரியும் மரமும் ஏற்றிய படகுகளை, கரையோரப் பாதையில் நடந்த குதிரைகள் இழுத்துச் சென்றன. படகோட்டியின் குடும்பம் முழுவதும் பத்தடி நீளமே உள்ள பின்னறையில் உண்டு உறங்கி வாழ்ந்ததும் உண்டு. பிறகு இருப்புப்பாதையும் சரக்குந்தும் வந்து கால்வாய் வணிகத்தை நலிவடையச் செய்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை, 2012ஆம் ஆண்டு பொறுப்பேற்ற 'கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை பராமரித்து வருகிறது.

படகின் வடிவத்தைத் தீர்மானித்ததும் கால்வாயே. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்குவதற்கு, இருபுறமும் கதவுகள் கொண்ட 'லாக்' எனப்படும் நீர்த்தொட்டிகள் உள்ளன. இங்கிலாந்தின் பல கால்வாய்களில் இவற்றின் அகலம் ஏழடியே. எனவே 'நேரோபோட்' என்னும் இப்படகின் அகலமும் ஏழடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நம் நகரப் பேருந்தைக் காட்டிலும் ஒடுங்கிய அந்த இடத்திற்குள்தான் சமையலறை, படுக்கை, குளியலறை, அடுப்பு அனைத்தும் அடங்கியாக வேண்டும்.

பதினான்கு நாள் விதி

படகை நிலையாகக் கட்டிவைக்க உரிய துறையை வாடகைக்கு எடுக்கலாம். லண்டனில் அதற்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். இடம் கிடைப்பதும் அரிது. அத்தகைய துறை இல்லாதவர், 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கலாகாது. இரண்டு இடங்களுக்கிடையே மாறிமாறிப் போய்வந்தாலும் போதாது. மெய்யாகவே பயணம் செய்பவராக இருத்தல் வேண்டும். ஓராண்டில் தம் பயண எல்லையின் பரப்பு 15 முதல் 20 மைலுக்கும் குறைவாக உள்ளவர் இவ்விதியை நிறைவேற்றியதாகக் கொள்வது கடினம் என்கிறது அறக்கட்டளையின் வழிகாட்டுதல். விதி மீறியவர் உரிமத்தையே இழக்க நேரிடும்.

அலுவலகம் செல்பவருக்கு இதன் பொருள் யாது? இரண்டு வாரத்திற்கொரு முறை அவரது விடுமுறை நாள் படகை நகர்த்துவதில் கழியும். கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு நான்கு மைல். கட்டப்பட்டுள்ள படகுகளைக் கடக்கும்போது அதனினும் மெதுவாகவே செல்ல வேண்டும். லைம்ஹவுஸிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை 12 லாக்குகளின் கனத்த கதவுகளைத் திறந்து மூடி வருவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். படகு நகர்ந்தால் அலுவலகத்திற்குச் செல்லும் வழியும் மாறும். இம்மாதம் பாடிங்டனில் பத்து நிமிட நடை. அடுத்த மாதம் மேற்கே ஹேய்ஸிலிருந்து தொடர்வண்டிப் பயணம்.

எட்டு மணிக்குள் மின்சாரம்

நிலையான துறையில்லாப் படகிற்கு மின்கம்பி இணைப்பு இல்லை. கோடையில் சூரிய ஒளித் தகடுகள் ஓரளவு போதும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் நகரில் அவற்றால் பயன் குறைவு. எஞ்சினை ஓட்டித்தான் மின்கலங்களுக்கு மின்னேற்ற வேண்டும். ஆனால் கரையில் நிற்கும் படகு இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எஞ்சினை இயக்கக் கூடாது என்பது உரிம நிபந்தனை. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்புபவருக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு மணி நேரம்!

தண்ணீர்த் தொட்டியை அதற்கென உள்ள குழாயடிக்குப் படகைக் கொண்டுசென்று நிரப்ப வேண்டும். கழிப்பறைக் கலத்தைத் தாமே சுமந்துசென்று உரிய இடத்தில் கொட்ட வேண்டும். குளிருக்கு நிலக்கரி அல்லது விறகு அடுப்பு தேவை. அதிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடு உயிர்க்கொல்லி. எனவே எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2019 முதல் கட்டாயம்.

கடன் கொடுப்பவர் கண்ணோட்டம்

வங்கியாளர் ஏன் வீட்டுக்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்குக் கடன் தருகிறார்? கட்டடம் பழையதானாலும் அடியிலுள்ள நிலம் மதிப்பிழப்பது அரிது என்னும் நம்பிக்கையே காரணம். படகிற்கு அடியில் இருப்பது தண்ணீர். அதனால் வழக்கமான வீட்டுக்கடன் படகிற்குக் கிடைப்பதில்லை. படகுக்கடன் வழங்கும் தனி நிறுவனங்கள் உண்டு. எனினும் அங்கு முன்பணம் அதிகம், தவணைக்காலம் குறைவு, வட்டியும் கூடுதல்.

உரிமைப் பத்திரத்திலும் சிக்கல் உண்டு. நம் ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளுக்கு அத்தகைய கட்டாய உரிமைப் பதிவேடு இல்லை. அறக்கட்டளையின் உரிமமும் உடைமைக்குச் சான்றாகாது. முந்தைய விற்பனை ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

செலவுகளும் தொடரும். உரிமக் கட்டணம் நடுத்தர நீளமுள்ள படகிற்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். நிலையான துறையில்லாதவருக்கு 2024 ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணமும் உண்டு. அது படிப்படியாக 25 விழுக்காடு வரை உயரும். உரிமம் பெறக் காப்பீடும், நான்காண்டுக்கொரு முறை பாதுகாப்புச் சான்றும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை படகை நீரிலிருந்து ஏற்றி, துருப்பிடிக்காதிருக்க அடிப்பாகத்திற்குக் கரும்பூச்சு பூச வேண்டும். புதிதில் பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள அடித்தகடு ஆண்டுதோறும் தேயும். பொதுவாக நான்கு மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் காப்பீடு கிடைப்பது அரிது. பழைய படகை நிபுணர் ஆய்வின்றி வாங்குதல் தண்ணீரில் பணத்தைப் போடுவதற்கு ஒப்பாகும்.

நிலையான முகவரி இல்லாமையும் ஒரு மறைமுகச் செலவே. பலர் நண்பர் அல்லது உறவினர் முகவரியை நாடுகின்றனர். வாக்காளராவதற்கு, குறிப்பிட்ட பகுதியோடு தமக்குள்ள தொடர்பை அறிவிக்கும் தனிப் படிவம் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு தொடங்கும்போது முகவரிச் சான்று கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று.

கணக்கின் முடிவு

இத்தனைக்குப் பிறகும் படகு வாழ்வை விரும்பி ஏற்போர் பலர். மாநகரின் நடுவே நீர்ப்பறவைகளின் ஒலியோடு விடியும் காலையும், லாக்கில் கைகொடுக்கும் அண்டை அயலாரும் அவர்களுக்குப் பெரும்பேறு. 'வீட்டைக் கட்டிப்பார்' என்னும் நம் பழமொழி ஒருமுறை படும் பாட்டைச் சொல்கிறது. படகிலோ அப்பாடு ஒவ்வொரு மாதமும் உண்டு.

படகு வாங்குபவர் வாடகையிலிருந்து விடுபடுகிறார். ஆனால் வளரும் சொத்தை வாங்குவதில்லை. ஊர்தியைப் போலவே படகும் பொதுவாகத் தேய்மானத்திற்கு உட்பட்டது. ஆகவே, மிச்சமாகும் வாடகையை மாதந்தோறும் தனியே சேமிப்பவருக்கே படகு ஆதாயம் தரும். அவருக்கு அது சில ஆண்டுகளில் சொந்த வீட்டின் முன்பணமாகும். மிச்சத்தையும் செலவழித்துவிட்டால், பத்தாண்டுக்குப் பின் கையில் இருப்பது பழைய படகு மட்டுமே.

மலிவான குடியிருப்பு எந்த நாட்டில், எந்த வடிவில் தென்பட்டாலும் நாம் மூன்று கணக்குகளை எழுதிப் பார்ப்போம்: எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், பத்தாண்டு கழித்து எஞ்சுவது என்ன. மூன்றும் ஒத்துவந்தால் துணிந்து இறங்கலாம்.