வந்து போகும் நட்சத்திரம், நின்றுபோன போட்டி

2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், கிங்ஸ்டன் ஹீத் மைதானத்தில் ஆஸ்திரேலியன் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடந்தது. கோல்ஃப் நட்சத்திரம் டைகர் வுட்ஸ் வருகிறார் என்றதும் டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. வந்தார், நிர்ணயித்த அடிகளைவிட 14 குறைவாக (14 அண்டர் பார்) ஆடி வென்றார். வென்றதற்குப் பரிசு 2,70,000 ஆஸ்திரேலிய டாலர். வந்ததற்குக் கட்டணம் 30 லட்சம் அமெரிக்க டாலர் என்று செய்திகள் வந்தன. களமிறங்கிய அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்திருந்த பரிசுத் தொகையோ 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அந்தக் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியை விக்டோரியா மாநில அரசு ஏற்றது. காட்டுத்தீயில் 173 பேரைப் பறிகொடுத்த ஆண்டில் இது தேவையா என்ற கேள்வி எழுந்தபோது, மாநிலத்துக்கு 1.9 கோடி டாலர் பலன் வரும் என்று அரசு பதில் சொன்னது.

நட்சத்திரத்துக்கு மவுசு இருப்பது உண்மை. 2008 ஜூனில் அமெரிக்க ஓப்பனை வென்ற கையோடு முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வுட்ஸ் ஒதுங்கினார். அவர் இல்லாத போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தார்கள். டிக்கெட்டும் விளம்பரமும் விற்கும் அமைப்பாளருக்கு இது லாபக் கணக்கு. அரசின் கணக்கு வேறு.

மெல்பர்ன்வாசி ஒருவர் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம், இல்லாவிட்டால் அதே ஊரின் உணவகத்துக்கோ சினிமாவுக்கோ போயிருக்கும். அது இடம் மாறிய பணம், புது வரவு அல்ல. போட்டிக்காகவே வெளியூரிலிருந்து வந்தவர்களின் செலவுதான் வரவு. அதிலும் சரக்கு, கூலி, அரசு கொடுத்த பணம் எல்லாம் கழிய வேண்டும். கழித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. 2005 ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஆராய்ந்த மாநிலத் தணிக்கையாளர், பலனைவிடச் செலவு 67 லட்சம் டாலர் அதிகம் என்று 2007இல் அறிக்கை தந்தார். மொத்தச் செலவழிப்பைப் பலன் என்று எழுதும்போது இந்தக் கழித்தல் காணாமல் போகிறது.

அடுத்தது, ஒற்றை ஆளை நம்பும் ஆபத்து. மெல்பர்னில் கோப்பை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 27 அன்று ஃபுளோரிடாவில் வுட்ஸின் கார் மோதியது, அவரது சொந்த வாழ்க்கை சந்திக்கு வந்தது, பிறகு அவரது விளம்பர ஆதரவாளரான அக்சென்ச்சர் நிறுவனம் விலகியது. இதெல்லாம் கொஞ்சம் முன்னால் நடந்திருந்தால் மெல்பர்ன் போஸ்டர்களின் கதி என்ன? 2017இல் துபாய் போட்டிக்கு வந்த வுட்ஸ் முதல் சுற்றில் 77 அடிகள் எடுத்துத் தடுமாறினார். முதுகுவலியால் மறுநாள் ஆடவே இல்லை.

ஆட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. வுட்ஸ் பந்தைக் குழியில் போட்டதும் கூட்டம் அடுத்த குழியை நோக்கி நகர்ந்துவிடும். கூட ஆடுபவர் அந்தச் சலசலப்பில்தான் தன் பந்தைத் தட்ட வேண்டும். வுட்ஸ் ஆடும் போட்டிகளில் மற்ற முன்னணி வீரர்கள் சராசரியாகச் சற்று மோசமாக ஆடினார்கள் என்று பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் பிரவுன் 2011இல் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்ததும் உண்டு.

2010இல் வுட்ஸ் மறுபடி மெல்பர்ன் வந்தார். ஆஸ்திரேலியன் மாஸ்டர்ஸ் 2015க்குப் பிறகு நடக்கவில்லை. அதற்கு அவர் காரணமல்ல. ஆனால் இரண்டு முறை அவர் வந்தும் போட்டி நிலைக்கவில்லை. ஆஸ்திரேலிய ஓப்பனுக்காக 2026இல் கிங்ஸ்டன் ஹீத்துக்கு வர இன்னொரு கோல்ஃப் நட்சத்திரமான ரோரி மெக்கில்ராய் ஒப்பந்தமாகியிருக்கிறார். நட்சத்திரத்துக்குப் பொதுப்பணம் தரும் எந்த அரசும் கையெழுத்துக்கு முன் மூன்றை எழுதி வாங்க வேண்டும்: வெளியூர்ப் பணம் மட்டும் எவ்வளவு, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், அவர் வராத ஆண்டில் போட்டியை நடத்தப்போவது யார்.