மூடிய விதையும் மூடாத விதையும்

கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் சென்று திரும்புகிறவர்களில் பலர், பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செதில் செதிலான காய்களைப் பொறுக்கி வந்து வீட்டு அலமாரியில் அழகுக்காக வைத்துக்கொள்கிறார்களே தவிர, அதில் ஒரு செதிலைப் பிரித்து ஆராய்ந்து பார்ப்பவர் வெகு சிலரே. பார்த்தால், செதிலின் மேற்புறத்தில், அடிப்பக்கத்தை ஒட்டி, இரண்டு விதைகள் அருகருகே படுத்திருந்த தடம் தெரியும். மாங்கொட்டையைச் சுற்றிச் சதையும் தோலும் இருப்பதுபோல இங்கே கனி என்று சொல்லத்தக்க உறை ஒன்றுமில்லை; செதிலின்மேல் விதை மூடாக்கின்றிக் கிடந்திருக்கிறது. பின்னால் விதையாக மாறும் சூலைப் பொதிந்துவைக்கும் உறை உண்டா இல்லையா என்ற இந்த வித்தியாசத்தை ஆதாரமாகக் கொண்டே தாவர சாஸ்திரிகள் விதை தரும் தாவரங்கள் யாவற்றையும் இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள்.

உறையில்லாத பிரிவில் பைன், தேவதாரு, சைக்கஸ், ஜிங்கோ முதலியவை சேரும். நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒருவகைச் சைக்கஸின் ஆண் கூம்பிலிருந்து கிடைப்பதுதான். இந்தப் பிரிவில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 1,000 இனங்கள்; உறையுள்ள பிரிவாகிய பூக்கும் தாவரங்களிலோ சுமார் 3,00,000 இனங்கள் உள்ளன. புல்லும் நெல்லும், ஆலும் அரசும், தாமரையும் தென்னையும் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவையே. மரத்தின் உள்ளமைப்பிலும் பேதம் உண்டு. தேக்கு மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், நீரை ஏற்றிச் செல்லும் அகன்ற குழாய்களின் துளைகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். பைன் மரத்திலோ அத்தகைய குழாய்கள் இல்லை, நுண்ணிய நார்ச் செல்களின் வழியாகவே நீர் மெல்ல ஏறுகிறது.

பைன் மரம் தன் மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு மகரந்தத் தூளுக்கும் இரு பக்கமும் இரண்டு காற்றுப் பைகள் இருப்பதால் அது வெகுதூரம் மிதந்து செல்லும். எனினும் போய்ச் சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகையால், மரம் மஞ்சள் புழுதி பறக்குமளவுக்கு அதை அபரிமிதமாக உதிர்க்க வேண்டியிருக்கிறது. பெண் கூம்பின் சூல், தன் நுனியில் ஒரு துளி நீரைக் கசியவிட்டுக் காத்திருக்க, அதில் வந்து விழும் தூள் துளியோடு உள்ளே இழுக்கப்படுகிறது. அதற்குப் பிறகும் அவசரமில்லை. மகரந்தக் குழல் மெள்ள மெள்ள வளர்ந்து கரு உண்டாவதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. சைக்கஸிலும் ஜிங்கோவிலும் ஆணணுக்கள் நீந்தியே கருமுட்டையை அடைகின்றன என்ற விசித்திரத்தை 1896-ல் ஹிராஸே, இகேனோ என்ற இரு ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

பூக்கும் தாவரத்தில் சூல் சூற்பைக்குள் அடைபட்டிருப்பதால் மகரந்தம் நேரே அதை அணுக முடியாது. சூல்முடியில் ஒட்டி, முளைத்து, குழல் விட்டு, சூல்தண்டின் வழியே இறங்கியே உள்ளே செல்ல வேண்டும். இதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் மக்காச்சோளக் கதிரைப் பார்க்கலாம். கதிரின் நுனியில் குஞ்சமாகத் தொங்கும் இழை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு மணியோடு தனித்தனியே இணைந்திருக்கிறது. எந்த இழைக்கு மகரந்தம் கிட்டவில்லையோ அதற்குரிய மணி பிடிக்காமல், உரித்த கதிரில் பொக்கையாக நிற்கும்.

மக்காச்சோளமும் புற்களும் காற்றையே நம்பியிருந்தாலும், பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை நிறமும் மணமும் தேனும் காட்டிப் பூச்சிகளை வருவித்துக்கொள்கின்றன. எருக்கம்பூ தன் மகரந்தத்தைத் தூளாகச் சிந்தாமல், சிறு பொதிகளாகக் கட்டி, தேன் குடிக்க வரும் கரிய பெரிய வண்டின் காலில் மாட்டி அனுப்புகிறது. ஆலமரமோ தன் பூக்களையெல்லாம் காய் போன்ற ஒரு மூடிய கிண்ணத்துக்குள் ஒளித்துவைத்து, அதன் நுனியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியாக நுழையவல்ல ஒருவகைச் சிறு குளவியை மாத்திரமே உள்ளே அனுமதிக்கிறது.

கருவுக்கு ஊட்டம் தேடுவதிலும் இரு பிரிவுகளும் வேறுபடுகின்றன. விருந்தாளி வருவது நிச்சயமாகுமுன்பே உலை வைத்துவிடும் குடும்பத்தைப்போலப் பைன் மரம், கரு உண்டாவதற்கு முன்னரே விதைக்குள் உணவுத் திசுவை அமைத்துவிடுகிறது. பூக்கும் தாவரத்திலோ, மகரந்தக் குழல் கொண்டுவரும் இரண்டு ஆணணுக்களில் ஒன்று கருமுட்டையோடு கூடிக் கருவாக, மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடிய பிறகே உணவுத் திசு உருவாகத் தொடங்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் வெளிப்படுத்தியவர் நவாஷின் என்ற ருஷ்ய விஞ்ஞானி. நாம் பருகும் இளநீரும், துருவிச் சமைக்கும் தேங்காயும், கோடையில் உறிஞ்சும் நுங்கும், வடித்து உண்ணும் அரிசியில் பெரும்பகுதியும் அவ்விதம் இரண்டாவது சேர்க்கையால் உண்டான உணவே.

விதையைப் பரப்பும் காரியத்தில்தான் உறையின் பயன் பூரணமாக வெளிப்படுகிறது. பைன் விதைக்கு மெல்லிய சிறகு ஒன்று உண்டு. முருங்கை விதைக்கும் சிறகு உண்டு, எருக்கம் விதைக்கும் பஞ்சு உண்டு. ஆனால் பூக்கும் தாவரத்துக்கு இவற்றோடு, சூலைக் காத்த சூற்பையே கனியாக மாறி வேறு பல வேடங்களையும் தாங்குகிறது. தேங்காயில் அது நாராகித் தண்ணீரில் மிதக்கவைக்கிறது; நெருஞ்சியில் முள்ளாகிக் காலில் தைக்கிறது. சிறுவர்கள் தண்ணீரில் போட்டு வெடிக்கவைக்கும் பட்டாசுக் காயில், ஈரம் பட்டதும் இரண்டாகப் பிளந்து விதைகளை வீசி எறிகிறது. வேம்பிலும் நாவலிலும் சதையாகிப் பறவைக்கு உணவாகிறது. கோயிற் கோபுரத்தின் உச்சியில், செங்கல் இடுக்கில், யாரும் நடாமலே அரசங்கன்று முளைப்பதும் பழம் தின்ற பறவையின் எச்சத்தால்தான். காவலுக்கென்று அமைந்த உறையே பிரயாணத்துக்கும் சாதனமாயிற்று என்பதே பூக்கும் தாவரங்களின் பெருக்கத்துக்கு ஒரு முக்கிய காரணம்.

இந்த லாபத்துக்கு ஒரு விலையும் உண்டு. காற்றை நம்பிய பைன் மரத்துக்குக் காற்று என்றும் இருக்கும். பூச்சியை நம்பிய கொடிக்கோ பூச்சி வராவிட்டால் கதியில்லை. பரங்கிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாக, விடியலில் மலர்ந்து உச்சிப்பொழுதுக்குள் கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வராத பெண் பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு, மஞ்சளித்து வெம்பி உதிர்ந்துவிடுகிறது. அவ்விதம் பிஞ்சு உதிரக் கண்டவர்கள் உரத்தை அதிகமாக்குவதற்கு முன்பு, காலையில் பூச்சிகள் வருகின்றனவா என்று கொடியருகே சற்று நின்று பார்ப்பது நல்லது. வராவிட்டால், ஆண் பூ ஒன்றைக் கிள்ளி அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். மருந்து தெளித்தே தீரவேண்டுமானால், பூக்கள் கூம்பித் தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளிப்பதே உசிதம்.