செய்தியும் பாடமும்

ஆசிரியர் வகுப்பிலே செய்தித்தாளை வாசித்துக் காட்டுவதால் மட்டும் அன்றைய செய்தி பாடமாகிவிடாது. அச்செய்தி மாணாக்கர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடையை அவர்களே கண்டும் அளந்தும் பெறுதல் வேண்டும். இதற்குச் சான்று தேடி யாழ்ப்பாணத்தார் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் முதல் தலைவர் டானியல் பூவர் என்பவர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழ இருந்தது. அதன் நேரத்தையும் அளவையும் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கம் கூறியதும், செமினரியில் மேனாட்டு முறைப்படி கணிக்கப்பட்டதும் ஒத்திருக்கவில்லை. கிரகண இரவு வந்தது; செமினரியின் கணக்கே பொருந்தி நின்றது. பஞ்சாங்கக் கணிதரும் கிரகணத்தை முன்னறிந்து கூறியவரே. வேறுபாடு அளவில்தான் இருந்தது. ஆயினும் அவ்வேறுபாட்டைத் தீர்த்து வைத்தது எவருடைய புகழுமன்று, வாதத் திறமையுமன்று. அனைவரும் கண்ட வானமே.

இத்தகைய வாய்ப்பு நல்லூர் மாணாக்கருக்கும் இருமுறை கிட்டியது. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகச் சென்றது. முன்னது உலகில் மிகுதியாக நீடித்த இடத்தில் வளையம் 11 நிமிடம் 8 விநாடி நின்றது. பின்னதில் நான்கு நிமிடமும் நிற்கவில்லை. ஒரே சூரியன், ஒரே சந்திரன். கால அளவு மட்டும் ஏன் வேறுபட்டது? இதுவன்றோ செய்தியிலிருந்து பிறக்கும் பாடம்!

பூமியிலிருந்து சந்திரனுள்ள தூரம் ஏறக்குறைய 3,56,000 கிலோமீற்றரிலிருந்து 4,06,000 கிலோமீற்றர் வரை மாறும். 2010இல் சந்திரன் மிகத் தொலைவில் நின்றமையால் சிறிதாய்த் தோன்றிற்று. ஆகவே வளையம் தடித்திருந்தது, நெடுநேரமும் நின்றது. 2019இல் அது அண்மித்து நின்றமையால் வளையம் மெலிந்து விரைவில் மறைந்தது.

இதனை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, இரண்டு மீற்றர் தூரத்தில் வெள்ளைத் தாளொன்றைப் பிடித்தால் சூரியனின் உருவம் அதில் விழும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். சூரியனின் தூரம் 15 கோடி கிலோமீற்றர் என்பதைக் கொண்டு, விகித சமக் கணக்கால் சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர் எனச் சிறுவரே கண்டுகொள்வர். கிரகண நாளிலோ, மர நிழலில் இலைகளின் இடைவெளியூடே விழும் ஒளிவட்டங்கள் யாவும் பிறைகளாக மாறியிருக்கக் காண்பர். ஆனால் சூரியனை நேரே நோக்குதல் ஆகாது. கரி படிந்த கண்ணாடியும் எக்ஸ்-ரே படமும் கண்ணுக்குக் காப்பல்ல. வளையம் தோன்றும் வேளையிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். இதனை முன்னரே கற்பியாது விட்டால், பிள்ளைகளின் பார்வையே பறிபோகக்கூடும்.

உலகச் செய்திக்கும் இம்முறை ஏற்றதே. 2021 மார்ச்சில் ஒரு பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. தேசப்படத்தை விரித்து, கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் வழியை நூலால் அளக்கச் செய்தால், 1869இல் அக்கால்வாய் ஏன் திறக்கப்பட்டது என்பதை மாணாக்கர் தாமே உணர்வர்.

2031 மே 21இல் மற்றொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து செல்லும். இன்று கீழ்வகுப்பில் பயிலும் நல்லூர்ப் பிள்ளைகள் அந்நாளின் நேரத்தை முன்னரே குறித்து வைத்து, வானத்தோடு ஒப்புநோக்கலாம். எதையும் கேட்ட மாத்திரத்தில் நம்பாது சரிபார்க்கும் அப்பழக்கமே, நாள்தோறும் வந்து குவியும் செய்திகளில் மெய்யைத் தெரிந்தெடுக்கும் ஆற்றலாக அவர்களிடம் நிலைத்து நிற்கும்.