எழுத்து நிரப்பும் விளையாட்டு: திறமையா, அதிர்ஷ்டமா?

ஐந்து எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல். கடைசி நான்கு எழுத்துக்கள் ஐ, ஜி, ஹெச், டி. முதல் எழுத்து மட்டும் தெரியாது. அது என்ன சொல்?

வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் 'லைட்' என்பான், இன்னொருத்தி 'நைட்' என்பாள். ஃபைட், மைட், ரைட், சைட், டைட், எயிட் என்று மேலும் வரும். அன்றாட வழக்கில் உள்ள சொற்களே எட்டு. இவற்றில் எது 'சரியான' விடை? வேறு குறிப்பு இல்லாதவரை எட்டும் சரிதான்.

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வியை ஒட்டி நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கின் ஒரு தரப்பு அன்றைய பம்பாய் மாநில அரசு என்பதால் மும்பைவாசிகளான நாம் அதை அறிந்துகொள்வது நல்லது.

குறுக்கெழுத்துப் புதிர் முதன்முதலில் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். பின்னர் அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டுப் பத்திரிகைகள் இதில் பணப் பரிசைச் சேர்த்தன. பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' வார இதழ் நடத்திய 'ஆர்.எம்.டி.சி. கிராஸ்வேர்ட்ஸ்' அவற்றில் ஒன்று. பம்பாய் மாநிலத்தில் ஏராளமானோர் கட்டணம் செலுத்தி அதில் கலந்துகொண்டார்கள்.

இத்தகைய போட்டிகளின் சூட்சுமம் எளிது. குறிப்புக்கு ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு சொற்கள் பொருந்தும். உறையில் வைத்து முத்திரையிட்ட விடையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுவே 'சரி'. இப்படிப் பத்து இடங்கள் இருந்தால் 2 x 2 x 2 என்று பத்து முறை பெருக்க வேண்டும்: 1,024 வழிகள். பதினைந்து இடங்கள் என்றால் 32,768. ஒரு கூப்பனுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிச்சயமாக ஜெயிக்க 32,768 ரூபாய் கட்ட வேண்டும்! அகராதியைக் கரைத்துக் குடித்தவருக்கும் ஒன்றுமே படிக்காதவருக்கும் இங்கே வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

பம்பாய் அரசு 1948இல் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தி வரி விதிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1952இல் அதைத் திருத்தி, வெளிமாநிலப் பத்திரிகைகள் நடத்தும் போட்டிகளையும் சேர்த்தது. பாராளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. எழுத்துக்களையும் சொற்களையும் கட்டி, அடுக்கி, இணைத்து, மாற்றி அமைக்கும் புதிர்களுக்குப் பரிசு தருவதே அச்சட்டம் கூறும் 'பரிசுப் போட்டி'. மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டினால் தடை.

போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்குத் தொடர்ந்தார். 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதாட்டத் தன்மையுள்ள போட்டி, அரசியல் சட்டம் பாதுகாக்கும் வியாபாரம் ஆகாது. கணிசமான அளவுக்குத் திறமையைச் சார்ந்த போட்டி வேறு வகை என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

அப்படியானால் எழுத்து நிரப்புவதில் திறமைக்கு இடமே இல்லையா? உண்டு. நம் எட்டுச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். ஜோஷ் வார்டில் என்பவர் 2021இல் வெளியிட்ட 'வேர்டில்' விளையாட்டை இன்று பலர் செல்போனில் ஆடுகிறார்கள். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் எந்த எழுத்து விடையில் உள்ளது, எது இல்லை என்று நிறம் காட்டும். லைட், நைட், ரைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டால் எட்டுச் சொற்களுக்கு ஆறு முயற்சிகள் போதாமல் போகலாம்.

ரயில்வேயில் நீண்ட கம்பியில் பழுது வந்தால் ஒரு முனையிலிருந்து அடி அடியாகத் தேட மாட்டோம். நடுவில் சோதிப்போம், எந்தப் பாதியில் பழுது என்று தெரிந்துவிடும். அதே முறை இங்கும் உதவும். விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தே 'ஃபிலிம்ஸ்' என்ற சொல்லைப் போடுங்கள். அதில் எஃப், எல், எம், எஸ் நான்கும் இருக்கின்றன. ஒன்று நிறம் காட்டினால் விடை கிடைத்துவிட்டது. எதுவும் காட்டாவிட்டால் மிச்சம் நான்கு. அடுத்து 'எண்டர்' போடுங்கள்; இ, என், ஆர் மூன்றும் சோதனையாகிவிடும். மூன்றும் இல்லையென்றால் விடை 'டைட்'. ஆக, எட்டில் எதுவானாலும் மூன்றாவது முயற்சியில் கைக்கு வந்துவிடும்.

எந்த எழுத்தை முதலில் தேடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் அதிகம் வருவது இ, அடுத்து டி. மோர்ஸ் தந்தி முறையில் இ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, டி எழுத்துக்கு ஒரே ஒரு கோடு. அடிக்கடி வருவதற்குச் சுருக்கமான குறி. ஸ்க்ராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துக்களை எண்ணிப் பார்த்தே வில்லைகளைப் பங்கிட்டார். நூறு வில்லைகளில் இ மட்டும் பன்னிரண்டு.

திறமைக்கும் சூதுக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். ஒவ்வொரு அடியிலும் ஒரு தகவல் கிடைத்து, அதை வைத்து யோசித்து அடுத்த அடி எடுத்தால் அது திறமை. தகவலே தராமல் 'இதுவா, அதுவா' என்று காசு கட்டச் சொன்னால் அது சூது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமை விளையாட்டு என்ற பெயரும் அதற்கு விலக்கல்ல. தாராவியானாலும் செம்பூரானாலும், பிள்ளைகளின் செல்போனில் 'வார்த்தை கண்டுபிடி, பணம் வெல்' என்று ஏதேனும் வந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அதற்காக விளையாட்டையே ஒதுக்க வேண்டாம். ஒரு பழைய அகராதி, பென்சில், காகிதம் போதும். ஆங்கிலம் அதிகம் தெரியாத தாயும் நான்கு எழுத்துக்களைக் கொடுத்துவிட்டு, அகராதியைப் புரட்டிச் சரிபார்க்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: சொல்லைக் கண்டுபிடித்தவர் அதன் பொருளைத் தமிழில் சொன்னால்தான் மதிப்பெண். 'நைட்' என்பதில் ஜி, ஹெச் ஏன் ஒலிப்பதில்லை என்று குழந்தை கேட்கும். பழைய ஆங்கிலத்தில் அங்கே தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மன் மொழியின் 'நாக்ட்' என்ற சொல்லில் இன்றும் அது கேட்கிறது. ஆங்கிலத்தில் ஒலி தேய்ந்து போயிற்று, எழுத்து மட்டும் தங்கிவிட்டது என்று சொல்லிக் கொடுங்கள். அந்த விளக்கத்தைக் கேட்ட குழந்தை அந்த எட்டுச் சொற்களின் ஸ்பெல்லிங்கையும் பிறகு தப்பாக எழுதாது.