காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை

காய்ச்சல் தணிந்துவிட்டது, நாவுக்கு ருசியும் திரும்பிவிட்டது. இனிப் பிள்ளை வழமைபோலப் பாடசாலைக்குப் போகலாம் என்று வீட்டார் எண்ணுகின்றனர். ஆனால், கிழமைகள் பல கழிந்த பின்னும் சிலர் சோர்ந்து படுக்கின்றனர். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்குமுன் அதன் முதல் வரி மறந்துபோகின்றது. தெரிந்த கணக்கும் பிடிபடுவதில்லை. அப்பொழுது வீட்டிலே "சோம்பல்" என்றொரு சொல் பிறக்கின்றது. அச்சொல் நியாயமானதுதானா?

அவுஸ்திரேலியாவிலுள்ள டப்போ என்னும் ஊர்ப்பகுதியில், தொற்றுநோய் கண்ட 253 பேரை ஆராய்ச்சியாளர் நோயின் தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்தனர். அவர்களைப் பீடித்தவை மூன்று வெவ்வேறு கிருமிகள். அவற்றுள் ஒன்று, நுளம்பினாற் பரவும் ரொஸ் ஆற்று வைரசு. 2006ஆம் ஆண்டில் நம் நாட்டிற் பலரை முடக்கிய சிக்குன்குன்யா வைரசுக்கு அது உறவானது. ஆய்வின் முடிவு அதே ஆண்டில் வெளியாயிற்று. ஆறு மாதங்கள் சென்ற பின்னும் 100க்கு 12 பேர் களைப்பினின்று மீண்டிலர். இதனை முன்னறிவித்தது நோயாளியின் மனப்பாங்கு அன்று; எந்தக் கிருமி என்பதும் அன்று; தொடக்கத்தில் நோய் எவ்வளவு கடுமையாயிருந்தது என்பதே.

கொவிட் நோயின் பின்னர் உலகெங்கும் இதுவே காணப்பட்டது. நீடிக்கும் களைப்பையும் சிந்தனைத் தடுமாற்றத்தையும் அந்நோயின் பின்விளைவுகளாக உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வகுத்துரைத்தது.

இனி, வீட்டார் செய்யத்தக்கது யாது? முதலில் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பியின் குறைபாடு முதலியனவும் இவ்வாறே சோர்வைத் தருவனவாதலின், அவை இல்லையென்று தெளிதல் அவசியம். அடுத்து, வலிமையைக் கைப்பணம்போல எண்ணிச் செலவிடப் பழகவேண்டும். சற்றுத் தேறிய நாளில் தேங்கிய வேலை முழுவதையும் முடிக்க முற்படுவோர் சிலர், மறுநாளோ அதற்கடுத்த நாளோ முன்னிலும் மோசமாகச் சாய்ந்துவிடுகின்றனர். இத்தகையோரை நாளுக்கு நாள் கட்டாயமாகக் கூடுதலாக உழைக்கச் செய்வது தீங்காகவும் முடியலாம். களைக்குமுன் ஓய்தல், களைத்தபின் ஓய்தலிலும் நன்று.

மாணவர் அரைமணி நேரம் படித்துச் சிறிது கண்மூடி இருக்கலாம். மறக்கக்கூடியதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். பெற்றோர் நிலைமையை ஆசிரியருக்கு அறிவித்து, பாடச்சுமையைச் சில காலம் குறைக்கும்படி கேட்கலாம். பரீட்சை நெருங்கும்போது இது கடினமே. எனினும், ஒரு தவணையைக் காக்க முயன்று ஓராண்டை இழத்தல் அறிவுடைமை ஆகாது.

பெரும்பாலானோர் காலப்போக்கிற் குணமடைகின்றனர். சிலருக்கு நெடுங்காலம் செல்கின்றது. அக்காலமெல்லாம் அவர்களை வாட்டுவது களைப்பு மாத்திரமன்று; தம் சொல்லை வீட்டார் நம்பவில்லையே என்ற ஏக்கமுமாகும். களைப்புக்கு உடனடி மருந்து நம்மிடம் இல்லை, ஏக்கத்துக்கு உண்டு. "எழும்பு" என்று அதட்டுமுன், "இன்றைக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்போமாக.