கல்லூரியில் இடம் கிடைக்காவிடில்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் மே மாதத்தில், டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கவலைதான் பேசப்படுகிறது: பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்த பிள்ளையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுவதில்லை. கிடைக்காத பிள்ளையின் நிலை யாது என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன். அப்பிள்ளைக்கு எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிட்டன என்று வீட்டார் கொள்ளும் எண்ணம், தலைநகரைப் பொறுத்தவரை, உண்மைக்கு மாறானது.

முதற்கண் இடநெருக்கடியின் அளவைக் காண்போம். 1922-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்புக்கு இன்றுள்ள இடங்கள் ஏறத்தாழ 70,000. இவற்றை நாடி நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். முன்னர் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. பள்ளியில் வணிகவியல் பயிலாதவர்களிடம் ஸ்ரீராம் வணிகக் கல்லூரி 2011-ஆம் ஆண்டில் நூற்றுக்கு நூறு மதிப்பெண் கேட்டபோது நாடே வியந்தது. 2022 முதல் அம்முறை நீங்கி, பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அத்தேர்வுக்குப் பதிந்துகொண்டோர் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அத்தேர்வு நடைபெறும் 13 மொழிகளுள் தமிழும் ஒன்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழைப் பாடமாகக் கற்ற பிள்ளைகள், தாம் விரும்பும் படிப்பின் விதி இடந்தருமாயின், தமிழையே மொழித் தாளாக எழுதலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், ஆங்கிலத் தாளே கௌரவம் என்று கருதி மதிப்பெண் இழப்போரும் உண்டு.

இனி, இத்தேர்வில் பின்தங்கியவர்களைக் கவனிப்போம். இங்கே சிறிது பழங்கதை சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு ரயிலேறி வந்த இளைஞருள் பலர், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் தட்டெழுத்து, சுருக்கெழுத்துத் தேர்ச்சியையும் மட்டுமே நம்பி வந்தவர்கள். கரோல் பாக்கில் அறையொன்றைப் பலர் பகிர்ந்துகொண்டு, மத்திய அரசாங்கக் காரியாலயங்களில் குமாஸ்தாக்களாக அமர்ந்து, ஊதியத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பினார்கள். மேலே உயரப் பட்டம் வேண்டியிருந்தது. பகற்கல்லூரிக்குச் செல்லவோ வழியில்லை. மாலைக் கல்லூரிகள் சிலருக்கு உதவின. மற்றவர்களுக்கு?

இத்தகையோர் இந்தியாவின் எல்லா நகரங்களிலும் இருந்தனர். இவர்களுக்கு அஞ்சல் வழியே கல்வி அளிக்கலாமா என்று ஆராய, 1961-இல் பௌதிக அறிஞர் தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. அக்குழு இசைந்ததன் பயனாக, 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதல் முயற்சி. அச்சிட்ட பாடங்கள் தபாலில் மாணவனின் வீட்டுக்கு வரும். அவன் விடையெழுதி அனுப்பினால் திருத்தப்பெற்றுத் திரும்பும். நேரடி வகுப்புகளும் இடையிடையே நடைபெறும். முடிவில் பட்டம் வழங்குவது அதே பல்கலைக்கழகம். திறந்தநிலைக் கல்விப் பள்ளி என்ற பெயரில் அந்த நிலையம் இன்றும் நடைபெறுகிறது. நுழைவுத் தேர்வின்றி, பள்ளி இறுதித் தேர்வைக் கொண்டே மாணவரைச் சேர்க்கிறது.

பெண்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. கல்லூரி செல்ல இயலாத பெண்டிருக்கென டில்லிப் பல்கலைக்கழகம் 1940-களிலேயே தனி வாரியம் ஒன்றை அமைத்தது. தலைநகரில் குடியிருக்கும் பெண்கள் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட கல்லூரியில் வகுப்புக்குச் சென்று பட்டம் பெறலாம். இதற்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. இவற்றுக்கப்பால், 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இருமுறை மாணவரைச் சேர்க்கிறது. ஜூலையைத் தவறவிட்டவர் ஜனவரியில் சேரலாம்.

ஆனால் ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1962-இல் அஞ்சல் பாடம் பயின்ற குமாஸ்தா, காலை முதல் மாலை வரை காரியாலயத்தில் உழைத்தவன். அவனுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இன்று அதே கல்வியில் சேரும் பதினேழு வயதுப் பிள்ளை, பெரும்பாலும் வீட்டில் தனித்திருக்கிறான். தேர்வுக்கு முந்திய வாரத்தில்தான் புத்தகம் திறக்கப்படுகிறது. குறை கல்வி முறையில் இல்லை. வேலை செய்வோருக்காக வகுத்த முறையை, வேலையற்றிருப்பவருக்கு அப்படியே கொடுப்பதில்தான் இருக்கிறது. ஆதலின், இவ்வழியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்குப் பகற்பொழுதில் ஒரு தொழில் பழக ஏற்பாடு செய்வதே முறை என்பது என் துணிபு.

அதற்குச் சட்டமே துணை நிற்கிறது. அஞ்சல் கல்விக் குழு அமைந்த அதே 1961-ஆம் ஆண்டில்தான் தொழிற்பழகுநர் சட்டமும் நிறைவேறியது. ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லுக்குப் ‘பழகுநர்’ என்று பெயரிட்டவர் யாரோ, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என்னால் அவரை வாழ்த்தாமல் இருக்க இயலவில்லை. மூலத்தினும் சிறந்த சொல் அது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள், தம் பணியாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரை ஏற்க வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. பழகும் காலத்தில் உதவித்தொகை உண்டு. ரயில்வேப் பணிமனைகளும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்றவையும் நெடுங்காலமாகப் பழகுநரைச் சேர்த்து வருகின்றன. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டோ ஈராண்டோ பயின்று, பிறகு பழகுநராகச் சேர்வது இன்னும் நன்று.

தொழிற்கல்வி என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர், காஷ்மீரி கேட்டில் 1941-இல் தொடங்கிய டில்லி பாலிடெக்னிக்கின் வரலாற்றை அறிதல் நலம். அந்த ஒரே நிலையத்தின் பொறியியல் பிரிவு வளர்ந்து இன்று டில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அதன் கட்டடக்கலைப் பிரிவே திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிக்கு வித்திட்டது. கலைக் கல்லூரியும் அங்கே ஒரு பிரிவாகப் பிறந்ததே. இன்றும் பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்றவர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பள்ளியில் விஞ்ஞானம் பயின்றவர் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு.

செவிலியர் கல்வியையும் உணவு விடுதி நிர்வாகத்தையும் விரிக்க நேரமில்லை. டில்லியில் ராஜகுமாரி அம்ருத கௌர் கல்லூரியும் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் 1946-இலேயே செவிலியர் பட்டப் படிப்பைத் தொடங்கிவிட்டன. பூசாவில் 1962 முதல் உணவு விடுதி நிர்வாக நிலையம் நடைபெறுகிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

எச்சரிக்கையும் தேவை. இடம் கிடைக்காத குடும்பத்தின் பதற்றத்தை மூலதனமாகக் கொண்டு பிழைப்போர் தலைநகரில் மிகுதி. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இருந்தவை 20. அவற்றுள் 8 டில்லியைச் சேர்ந்தவை. பெயரில் ‘இந்திய’ என்றும் ‘தேசிய’ என்றும் இருப்பதால் மட்டும் நம்பிவிடலாகாது. பணம் கட்டுமுன் மானியக் குழுவின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியம் ஆகியவற்றை அஞ்சல் வழியில் கற்பிக்க அனுமதியே இல்லை. கற்பிப்பதாக எவரேனும் கூறினால் அக்கணமே எழுந்து வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் பள்ளி முடித்து, பெற்றோரின் மாற்றல் காரணமாக டில்லிக்கு வரும் பிள்ளைகள், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு இடப்பெயர்வுச் சான்றிதழையும் புறப்படுமுன்னரே பெற்றுவிட வேண்டும். அது இல்லாமல் வந்து, சேர்க்கை நடக்கும் வாரத்தில் ஊருக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பது வீண் அலைச்சல்.