மூடி மறைத்தால் தீராது



இந்த முறை சொல்லக் கூச்சமான ஒரு விஷயத்தை எழுதுகிறோம். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களைப் பற்றியது. கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

லயத்தில் இப்படி ஒன்று நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று பேசி முடிக்கிறோம். நாலு அடி கொடுத்து வேறு தோட்டத்துக்கு அனுப்புகிறோம். அல்லது, "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுவான்" என்கிறோம். இவற்றில் எதுவும் மருந்தாகாது. அந்த ஆள் போகிற இடத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்களே!

இக்குற்றத்தைச் செய்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். உறவினராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, பிள்ளைக்கு நன்கு பழகியவராகவோ இருப்பார்.

தண்டனை அவசியம். அதோடு சிகிச்சையும் வேண்டும் என்கிறது மருத்துவம். மனநல டாக்டரும் ஆலோசகரும் பல மாதங்கள் அவரோடு பேசுவார்கள். "பிள்ளைதான் பேசாம இருந்துச்சு" என்பது போன்ற சாக்குகளை உடைப்பார்கள். தனிமையா, குடியா, எதனால் புத்தி தடுமாறுகிறது என்று கண்டறிந்து, அதிலிருந்து விலகப் பழக்குவார்கள். சிலருக்கு இச்சையைக் குறைக்கும் மருந்தும் உண்டு. எல்லாரும் திருந்துவார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆனாலும் முறையான சிகிச்சை பெற்றவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

ஜெர்மனியில் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை 2005இல் ஒரு திட்டம் தொடங்கியது. "எனக்குப் பிள்ளைகள் மேல் தப்பான எண்ணம் வருகிறது" என்று, குற்றம் செய்யும் முன்பே தானாக வருபவருக்கு அங்கே சிகிச்சை. நம்மிலும் அப்படி யாருக்காவது மனம் அலைந்தால், பிள்ளைகளை விட்டு விலகியிருந்து, உடனே அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள்.

நம் நாட்டில் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017இல் வந்தது. தண்டனையோடு, சிறையிலேயே மறுவாழ்வு ஆலோசனைக்கும் நீதிமன்றம் உத்தரவிட இச்சட்டம் இடம் தருகிறது. குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஆகவே "பேசி முடிப்பதும்" குற்றமே!

பிள்ளை வந்து சொன்னால் நம்புங்கள், திட்டாதீர்கள். "நீ தப்பு செய்யலை கண்ணு" என்று சொல்லுங்கள். குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல், பினாங்கு பெரிய மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் மருந்துகளைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டவிடாதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண் இரவு பகலாக இயங்குகிறது. பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் அமைப்பான டபிள்யூ.சி.சி., இலவச ஆலோசனை தந்து நீதிமன்றத்துக்கும் துணை வருகிறது.

இன்றிரவே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, "யாராச்சும் தொடக்கூடாத இடத்துல தொட்டா, அது மாமாவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளையைக் காப்பாற்றும் குடும்பத்துக்கு மானம் எங்கும் போகாது.